தாளம் போடும் டிரைவர்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அலுவலகத்தில் அவர் ‘லைன்’. மாமியார் வீட்டில் ‘லைன் மாப்பிள்ளை’. இளவயதில் டெலிபோன் காண்டிராக்டர் ஒருவரிடம் ஒயர் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்து, ஏணி உச்சியில் நின்றுகொண்டு “லைன் வருதா, லைன் வருதா” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஏணியை விட்டு இறங்கிய பிறகும் பெயர் இறங்கவில்லை.

லைனுக்குக் கை சுத்தம், வாய் சுத்தம். குறை என்று பார்த்தால் ஒன்றுதான். எதற்கும் நேரத்துக்கு வர மாட்டார். சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. போகிற வழியில் ஒரு சுவரில் ஒயர் தொங்கினால் அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் அவரால் தாண்ட முடியாது. அவருடைய கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பெண் வீட்டார் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போயிற்று. பதிவாளர் சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் மாப்பிள்ளை சட்டைப்பையில் ஒயர் கட்டரோடு ஓடி வந்தார். மணப்பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “வந்தது வந்துட்டீங்க. மூச்சு வாங்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா எழுத்து கோணிடும்.”

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாத்திரையும் ஊசியும் மணிக்கு மணி கொடுத்துப் பழகியவள். “நேரத்துக்கும் உங்களுக்கும் ஏழாம் பொருத்தம்” என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். அவர் மறுத்ததில்லை. மறுக்கலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் டியூட்டிக்குக் கிளம்பியிருப்பாள்.

ஒயர் காலம் போய்க் கம்ப்யூட்டர் காலம் வந்தபோது லைன் பயந்துவிடவில்லை. இரண்டு விரலால் தட்டித் தட்டி, இன்டர்நெட்டில் முகம் தெரியாத யார் யாரிடமோ கேள்வி கேட்டுக் கேட்டு, ஒரு ஆபீசின் போன் அழைப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரே இணைத்துத் தரும் டெலிபோன் சர்வர் வைக்கக் கற்றுக்கொண்டார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அந்த முதலாளியிடம் முதல் நாளே விளக்கினார்.

“சார், இந்த போன் சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ். யார் வேணாலும் எடுத்துப் போட்டுக்கலாம். காசு கிடையாது.”

“ஓசியா?”

“ஓப்பன் சோர்ஸ் சார்.”

“அதான், ஓசி சோர்ஸ். போட்டுடு.”

அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் அதற்கு ஓசி சோர்ஸ் என்றே பெயர்.

கம்பெனியின் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு சிவப்புப் பட்டனும் சின்ன ஸ்பீக்கரும் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர் பட்டனை அமுக்கினால் அழைப்பு நேராக ஆபீசுக்கு வரும். எடுப்பவர் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்திருக்கும் ‘போர்டு அக்கா’. எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கேட்டுக்கொண்டு, “கொஞ்சம் லைன்ல இருங்க” என்று சொல்லி அவரைக் காத்திருக்க வைப்பார், மெக்கானிக்கைக் கூப்பிடுவார், பிறகு மூன்று பேரையும் ஒரே பேச்சில் சேர்த்துவிடுவார். மெக்கானிக்கை எல்லாரும் ‘ஸ்பேனர்’ என்பார்கள். ஸ்பேனர் வண்டியில் வந்துகொண்டே, “பயப்படாதீங்க சார், கதவைத் தள்ளாதீங்க, வந்துட்டே இருக்கேன்” என்று பேசிக்கொண்டு வருவார். இந்த மூவர் பேச்சுக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். மாட்டிக்கொண்டவர்களுக்கு உயிர்மூச்சே அதுதான்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு பாட்டு கேட்கும். பாடியவர் முதலாளியின் மனைவி.

மேடத்துக்குச் சின்ன வயதிலிருந்து பாட்டு மேல் பைத்தியம். இருட்டுப் பெட்டிக்குள் தவிக்கிறவர்களுக்கு ஆறுதலாக ஒரு பாட்டு இருந்தால் என்ன என்று அவருக்கு ஒருநாள் தோன்றியது. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, படுக்கையறை ஜன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டு பாடிப் பதிவு செய்தார். லிஃப்டுக்குப் பொருத்தமாக, ‘இறங்கி வா தென்றலே, இறங்கி வா’ என்று தொடங்கும். குரலில் அன்பு நிறைய உண்டு. ஆனால் இரண்டாவது சரணத்தில், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி, தாளத்தை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிடுவார். இது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை. முதலாளியும் சொன்னதில்லை, வீட்டில் சாப்பிட்டாக வேண்டியவர் அவர். மேடம் இல்லாத நேரத்தில் மட்டும் அவரைப் ‘பின்னணிப் பாடகி’ என்று சொல்லிக்கொள்வார்கள்.

கதை தொடங்குவது பழைய சர்வர் படுத்துக்கொண்ட வாரத்தில். அதன் மின்விசிறி இழுப்பு வந்தவர் மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் இரைச்சல் நின்றுவிட்டது. எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள். லைன் மட்டும் ஓடிப் போய்ப் பார்த்தார். புது மெஷின் வாங்கியாகிவிட்டது. பழைய மெஷினுக்குள் டெலிபோன் கார்டு என்ற சின்ன மின்சுற்றுப் பலகை ஒன்று இருந்தது. முன்பு ஒயர் வழியாக லைன் வந்த காலத்தில் அது தேவைப்பட்டது. இப்போது எல்லா லைனும் இன்டர்நெட் வழியாகவே வருகிறது. புது மெஷினில் அந்தக் கார்டைச் செருக இடமும் இல்லை. ‘மாடே இல்லாத தொழுவத்துக்கு மணி எதற்கு’ என்று நினைத்துக்கொண்டு, கார்டை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார்.

எல்லாவற்றையும் புது மெஷினுக்கு மாற்றிவிட்டுச் சோதித்துப் பார்த்தார். முன்னறைக்குப் பேசினார், கேட்டது. ஸ்டோருக்குப் பேசினார், கேட்டது. முதலாளி அறைக்குப் பேசினார். “கேக்குது, கேக்குது. பக்கத்து ரூம்ல இருந்து நேராவே கேக்குது” என்றார் முதலாளி. லைன் திருப்தியோடு சாப்பிடப் போனார்.

காத்திருப்புப் பாட்டைச் சோதிக்கவில்லை. மறதியும் இல்லை, அலட்சியமும் இல்லை. அந்த ஆபீசில் அந்தப் பாட்டைத் தானாக வலியப் போய்க் கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை.

முதல் புகார் மறுநாளே வந்தது. பேசியவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர். லிஃப்டிலிருந்து மீட்கப்பட்டு, வீட்டுக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

“ஏம்மா, உங்க கம்பெனியில மனுஷங்கதான் வேலை பாக்குறீங்களா?”

“என்ன சார் ஆச்சு?” என்றார் போர்டு அக்கா.

“ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறேன். கும்மிருட்டு. பட்டனை அமுக்கினேன். நீ லைன்ல இருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்ட. அப்புறம் ஒரு பொம்பளை குரல். ‘இற... இற... இற...’ன்னு சொல்லிட்டே இருக்கு. நான் என்னம்மா பாவம் பண்ணேன்? ஏற்கெனவே வரிசையில நிக்கிற வயசு. என்னைப் போய் அவசரப்படுத்தலாமா?”

அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் இன்னொரு போனிலிருந்து தன்னையே கூப்பிட்டு, தன்னையே காத்திருக்க வைத்துக் கேட்டுப் பார்த்தார். ‘இறங்கி வா’ என்ற சொல் பாதியில் அறுந்து அறுந்து விழுந்துகொண்டிருந்தது. ‘இற... இற...’ பிறகு ஒரு மௌனம். பிறகு ‘வா... வா...’

அக்கா ரிசீவரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு லைனைக் கூப்பிட்டார். “லைன், உங்க மெஷின் சாபம் விடுது. விட்டதும் இல்லாம, போன இடத்துல இருந்து வா வான்னு கூப்பிடவும் செய்யுது.”

லைன் காதில் வைத்துக் கேட்டார்.

“கான்ஃபரன்ஸ் வருதாக்கா?”

“அது நேத்துல இருந்தே வரல. நான் உங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. இந்தக் காதுல ஒரு போன், அந்தக் காதுல ஒரு போன் வச்சு, அவர் சொல்றதை இவர்கிட்டயும் இவர் சொல்றதை அவர்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். சம்பந்தி சண்டையில நடுவுல மாட்டின மாதிரி இருக்கு.”

லைன் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். அன்று மாலை முழுக்க, வீட்டுக்குப் போன பிறகும் படித்தார். படிக்கப் படிக்கத்தான் தான் டிராயருக்குள் எதைப் போட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது.

இந்த மெஷின்கள் குரலைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் அனுப்பும். ஒவ்வொரு துண்டும் அதனதன் நொடியில் கிளம்பினால்தான் அது பேச்சாகக் கேட்கும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது கவலையில்லை. ஒருவர் பேசும் வேகத்திலேயே வாங்கி மற்றவரிடம் தள்ளிவிடும். ஆனால் மெஷினே பாட்டுப் போட வேண்டுமென்றால், அல்லது மூன்று பேர் குரலை ஒன்றாகக் கலந்து தர வேண்டுமென்றால், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பிசகாமல் தாளம் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அந்தத் தாளத்தைத் தட்டியது பழைய கார்டு. கார்டு இல்லாத மெஷின்களுக்கென்றே ஒரு டிரைவர் இருக்கிறது. அது வெறும் மென்பொருள்தான். மெஷினின் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கார்டு இருப்பதுபோலப் பாவனை காட்டித் தாளம் தட்டும். அதை நிறுவ வேண்டும். அவ்வளவுதான்.

அவர் இதை மனைவியிடம் சொன்னபோது அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அப்ப அந்த மெஷினுக்கு நேரம் காலம் பாக்கத் தெரியலை. அதைச் சொல்லிக் குடுக்கப் போறது நீங்க.”

“ஆமா.”

“மெஷின் உருப்பட்ட மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

காலையில் முதலாளியிடம் போய் நின்றார்.

“சார், ஒரு டிரைவர் போடணும்.”

“நமக்கு எதுக்கு இன்னொரு டிரைவர்? வேனுக்குத்தான் ஒருத்தன் இருக்கானே.”

“இது சாஃப்ட்வேர் சார். டம்மி டிரைவர்னு சொல்லுவாங்க.”

“அவனும் அப்படித்தான்” என்றார் முதலாளி. பிறகு விஷயத்தைக் கேட்டார். கேட்கக் கேட்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இற என்ற இடம் வந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“வீட்ல தெரியுமா?”

“உங்க வீட்லயா சார்? இன்னும் தெரியாது.”

“தெரியாமலே முடிச்சிடு. உனக்கு என்ன வேணும்னாலும் கேளு. இன்னிக்கே முடி.”

மதியம் அழைப்புகள் குறைவாக இருக்கும் நேரத்தில் தொடங்குவதாகத் திட்டம். லைன் தொடங்கியபோது மதியம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. டிரைவரின் மூலநிரலை இறக்கினார். அதை அந்த மெஷினின் அடிப்படை மென்பொருளுக்கு ஏற்றபடி அங்கேயே கட்ட வேண்டும். கட்டுவதற்கு அந்த மென்பொருளின் அளவுகள் அடங்கிய கோப்புகள் வேண்டும். அவற்றையும் இறக்கினார். கட்டினார். திரையில் எழுத்துகள் அருவி மாதிரி ஓடின. ஒரு பிழைகூட இல்லை. டிரைவரை ஏற்றினார். ‘வடிவம் பொருந்தவில்லை’ என்று ஒற்றை வரியில் மெஷின் மறுத்துவிட்டது.

மறுபடி ஏற்றினார். மறுபடி மறுத்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இறக்கிய அளவுகள் அதற்கு முந்தைய பதிப்புக்கு உரியவை. அண்ணனுக்கு அளவெடுத்துத் தம்பிக்குச் சட்டை தைத்த கதை. சரியான பதிப்பைத் தேடி இறக்க ஆரம்பித்தார். இன்டர்நெட் அன்றைக்குப் பார்த்து நொண்டியது.

அதே நேரத்தில் மேடம் தன் அடுக்குமாடியில் லிஃப்ட் ஏறினார். தைக்கக் கொடுக்க வேண்டிய துணிப்பை ஒரு கையில். கரண்ட் ஒரு கண் சிமிட்டல் நேரம் போய் வந்தது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. அதுவும் கணவரின் கம்பெனி பராமரிக்கும் லிஃப்ட்தான். மேடம் கலங்கவில்லை. பட்டனை அமுக்கினார்.

போர்டு அக்காவுக்கு அன்றைக்கு நிறைய அழைப்பு. “எந்த பில்டிங்? சரி, கொஞ்சம் லைன்ல இருங்க” என்று வாய் சொல்ல, கை பட்டனை அமுக்கிவிட்டது. அமுக்கிய பிறகுதான் குரல் யாருடையது என்று மண்டையில் உறைத்தது. பதறிப்போய் மறுபடி எடுத்தார். ஆனால் அதற்குள் கேட்க வேண்டியது கேட்டாகிவிட்டது.

“மேடம், நான்தான், போர்டு. பயப்படாதீங்க, ஸ்பேனரை அனுப்பிட்டேன்.”

“எனக்கு என்ன பயம்.” மேடத்தின் குரல் அமைதியாக இருந்தது. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. “என் குரல்லயே என்னைச் சாகச் சொன்னது யாரு?”

“அது வந்து மேடம், மெஷின் மாத்தினதுல...”

“லைனைக் கூப்பிடு.”

லைன் வந்து போனை வாங்கினார். அவருக்குப் பொய் சொல்ல வராது; சொல்ல ஆரம்பித்தாலும் யோசித்து முடிப்பதற்குள் எதிராளி அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். எனவே நடந்ததை நடந்தபடியே சொன்னார். கார்டு, தாளம், டிராயர், டம்மி டிரைவர் எல்லாம்.

“எப்போ இருந்து இப்படி?”

“மெஷின் மாத்தினதுல இருந்து மேடம்.”

“ஆபீஸ்ல இத்தனை பேர் இருக்கீங்க. ஒருத்தர் காதுலயும் விழலையா?”

“அந்தப் பாட்டை யாரும்...” என்று இழுத்தார் லைன். மேடம் அதற்குள் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தது மாதிரி, “சரி” என்றார். “எவ்வளவு நேரம் ஆகும்?”

“அளவு கோப்பு இறங்கிட்டு இருக்கு மேடம். இறங்கினதும்...”

“நான் இங்கேயே இருக்கேன். நீங்க பண்ணுங்க.”

ஸ்பேனர் போய்ச் சேர்ந்தார். சாவி போட்டுக் கதவைத் திறந்தார். லிஃப்ட் தளத்துக்கு முழங்கால் உயரம் மேலே நின்றிருந்தது. கையை நீட்டினார்.

“இறங்கி வாங்க மேடம்.”

மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஸ்பேனர் பிற்பாடு பலரிடம் சொன்னார்.

“வர மாட்டேன்.”

ஸ்பேனர் தன் அனுபவத்தில் எத்தனையோ பார்த்தவர். கதவு திறந்ததும் அழுதவர்கள் உண்டு, கட்டிப் பிடித்தவர்கள் உண்டு, பயத்தில் கையைக் கடித்தவர்கூட ஒருவர் உண்டு. திறந்த பிறகு வர மாட்டேன் என்ற ஆளை அன்றுதான் பார்த்தார்.

“ஏன் மேடம்?”

“இந்தப் பெட்டியில இருந்து கேட்டாத்தான் மாட்டிக்கிட்டவங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். நான் வெளிய வந்துட்டா எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிடுவீங்க. நீங்க எல்லாரும் சொல்லுவீங்க.”

மாடிப்படியில் கூட்டம் சேர ஆரம்பித்தது. மேல்மாடிக்காரர் ஒருவர் புது மெத்தை வாங்கி வந்திருந்தார். அதைப் படியில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, லிஃப்டுக்காகக் காத்திருந்தார். காத்திருந்து பார்த்துவிட்டு மெத்தையைச் சுவரோரம் சாய்த்து அதில் சாய்ந்துகொண்டார். பள்ளிக்கூடப் பையோடு வந்த ஒரு பெண்மணி, “என்ன ரிப்பேர்?” என்று கேட்டார். “பாட்டு ரிப்பேர்” என்றார் மெத்தைக்காரர்.

ஆபீசில் சரியான அளவு இறங்கி முடிந்தது. லைன் மறுபடி கட்டினார். அருவி ஓடியது. டிரைவரை ஏற்றினார். இந்தத் தடவை மெஷின் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இந்தத் தொழிலில் மெஷின் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். தாளம் பிசகுகிறதா என்று பார்க்கும் சோதனையை ஓட்டினார். நூற்றுக்கு ஒரு துளிதான் குறைவு என்று திரையில் வரி வரியாக வந்தது. அவர் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்கான நேரத்தை அதுவரை பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டிருந்தார். போர்டு அக்கா தோளில் தட்டினார்.

“மேடம் பெட்டியில இருக்காங்க.”

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. டெலிபோன் சர்வர், தன்னைக் கட்டும் நேரத்தில் டிரைவர் கண்ணில் பட்டால்தான் கான்ஃபரன்ஸ் வசதியைச் சேர்த்துக்கொள்ளும். பந்தியில் இலை போட்ட பிறகு வந்தவருக்கு இடமில்லை என்கிற மாதிரி. எனவே சர்வரையும் திரும்பக் கட்டி, நிறுத்தி, எழுப்ப வேண்டும்.

“மேடம், இப்ப லைன் கட்டாகும். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் பட்டனை அமுக்குங்க.”

“ஆகட்டும்.”

சர்வர் படுத்து எழுந்தது. மணி அடித்தது. போர்டு அக்கா எடுத்தார். “வணக்கம், எந்த பில்டிங்?”

“அதே பில்டிங்தாம்மா.”

“கொஞ்சம் லைன்ல இருங்க மேடம்.”

பாட்டு தொடங்கியது. லைனும் இன்னொரு போனை எடுத்துத் தன்னைத்தானே காத்திருக்க வைத்துக்கொண்டு கேட்டார். ‘இறங்கி வா தென்றலே, இறங்கி வா.’ அறுந்து விழவில்லை, ஒழுகி வந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் பஸ்ஸைப் பார்த்துவிட்டது, ஓட ஆரம்பித்தது. பாட்டு முழுதும் முடிந்து மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. மேடம் இரண்டாம் தடவையும் முழுதாகக் கேட்டார். பிறகு மேடம் மறுபடி பட்டனை அமுக்க, அக்காவின் போர்டில் விளக்கு எரிந்தது. அக்கா மேடத்தையும் லைனையும் தன்னோடு ஒரே பேச்சில் சேர்த்தார். கான்ஃபரன்ஸ் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது.

“இப்ப உடையலை” என்றார் மேடம்.

“ஆமா மேடம்.”

“ஆனா ரெண்டாவது சரணத்துல ஓடுது. அங்க இன்னும் ரிப்பேர் பாக்கி இருக்கா?”

அந்தக் கேள்வியில் ஆபீசே நின்றுவிட்டது. போர்டு அக்கா, பாக்கி இருக்கிறது என்று சொல்லும்படி தலையை வேகமாக ஆட்டினார். எப்போது வந்தார் என்று தெரியாமல் வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் கூப்பியிருந்தார். லைனுக்கு ஒரு வழி தெரிந்தது. ‘இருக்கு மேடம், பாத்துடறேன்’ என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் இல்லாத ரிப்பேரை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும். திரையில் தாளம் இன்னும் வரி வரியாக வந்துகொண்டிருந்தது.

“மெஷின் சரியாத்தான் தட்டுது மேடம்” என்றார்.

அந்த நேரத்தில் மேடம் லிஃப்டில் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று ஸ்பேனர் சொன்னார். கோபமாகவா என்று கேட்டதற்கு, “இல்ல, யாரோ அறிமுகம் இல்லாதவங்களைப் பாக்குற மாதிரி” என்றார்.

கடைசியில் குரல் வந்தது. “லைன், அந்த மெஷினை என் தாளத்துக்கு மாத்த முடியுமா?”

“முடியாது மேடம். பேசுற எல்லாரோட பேச்சும் அந்தத் தாளத்துலதான் போகுது. ஒரு பாட்டுக்காகக் கையை வச்சா, உள்ள மாட்டினவங்க பேச்சும் நாம சொல்ற பதிலும் சேர்ந்து உடையும்.”

“அப்ப மாத்த வேண்டியது நான்.”

மேடம் ஸ்பேனரிடம், “கையைக் குடுப்பா” என்று சொல்லி இறங்கி வந்தார். மெத்தைக்காரர் மெத்தையைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் இடி விழும் என்று ஆபீஸ் காத்திருந்தது. விழவில்லை. மேடம் காலையிலேயே வந்து போர்டு அக்காவிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பாட்டை எடுத்துவிடுவது. அதற்குப் பதிலாகத் தான் வெறும் பேச்சாகப் பேசித் தருவதைப் போடுவது. இரண்டாவது, தினமும் காலையில் யாராவது ஒருவர் காத்திருப்பில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டுப் பார்ப்பது.

மேடம் பேசிக் கொடுத்தது நன்றாகவே அமைந்தது. “பயப்படாதீங்க. இந்தப் பெட்டி விழாது, நானும் இதுல நின்னிருக்கேன். ஆள் வந்துட்டு இருக்காங்க. பையைக் கீழ வச்சிட்டுச் சாஞ்சு நில்லுங்க” என்று, பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பேசுவது போல இருந்தது. கணக்கு வாத்தியார்கூட மறுபடி ஒருதடவை மாட்டிக்கொண்டபோது, “இந்த அம்மா நல்லாப் பேசுறாங்க. முன்னாடி இருந்தவளை வேலையை விட்டு எடுத்துட்டீங்களா?” என்று கேட்டார். அக்கா, “ஆமா சார்” என்றார்.

தினம் கேட்கும் ஏற்பாடும் அந்த வாரமே உதவியது. ஒருநாள் எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் மாற்றுவதற்காக மெயினை அணைத்துப் போட்டார். மெஷின் எழுந்தது, டிரைவர் எழவில்லை. மெஷின் விழிக்கும்போதெல்லாம் டிரைவரையும் கூட எழுப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைக்க லைன் மறந்திருந்தார். மேடத்தின் குரல் ‘பய... பய... பய...’ என்று ஆரம்பித்ததுமே அக்கா பிடித்துவிட்டார்.

மேடத்துக்கு லைன் மேல் வருத்தம் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். லைனும் நினைத்தார். ஒரு வாரம் கழித்து மேடமே போன் செய்தார்.

“லைன், அந்த மெஷின் தட்டுற தாளத்தை எனக்குக் கேக்க வைக்க முடியுமா? வீட்ல இருந்தே.”

“கேக்க வைக்கலாம் மேடம். ஒரு நம்பர் குடுத்துடறேன். அந்த நம்பருக்குப் போட்டா, நீங்க வைக்கிற வரைக்கும் டக் டக்னு வந்துட்டே இருக்கும்.”

“வேகம் மாத்தலாமா?”

“ஒண்ணு அமுக்கினா மெதுவா. ரெண்டு அமுக்கினா வேகமா.”

அந்த நம்பர் அன்று மாலையே உயிர்பெற்றது. இரண்டு நாள் கழித்து முதலாளி லைனின் அறைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“என்னய்யா குடுத்த அவளுக்கு? விடிஞ்சா டக் டக். பல் தேய்க்கிறேன், டக் டக். சாப்பிடறேன், டக் டக். நேத்து என்னை அறியாம அந்தத் தாளத்துலயே மெல்ல ஆரம்பிச்சுட்டேன்.”

“நிறுத்திடவா சார்?”

முதலாளி யோசித்தார். “வேணாம்” என்றார். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, என்னைத் தவிர வேற ஒருத்தர் மேல அவ குத்தம் சொல்லி நான் இப்பதான் பாக்குறேன்.”

“யார் மேல சார்?”

“அவ மேலேயே.”

மாதங்கள் போயின. மேடம் ஒரு பாட்டு டீச்சரைப் பிடித்து முறையாகக் கற்றுக்கொண்டார். நம்பருக்கு வரும் அழைப்பைப் பார்த்தே லைன் அவருடைய முன்னேற்றத்தைச் சொல்லிவிடுவார்: முதலில் ஒன்றையே அமுக்கிக்கொண்டிருந்தவர், பிறகு இரண்டை அமுக்க ஆரம்பித்தார். ஒருநாள் அதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து கையோடு கொண்டுவந்தார். லிஃப்டில் போட அல்ல, நான்கு பேர் கேட்பதற்கு என்றார். போர்டு அக்கா, ஸ்பேனர், முதலாளி, லைன் ஆகிய நால்வரும் முன்னறையில் உட்கார்ந்து கேட்டார்கள். முதல் சரணம் நடந்தது. இரண்டாவது சரணமும் நடந்தது. ஓரடிகூட ஓடவில்லை.

பாட்டு முடிந்ததும் மேடம் மற்ற மூவரையும் பார்க்காமல் லைனைப் பார்த்தார்.

“தாளம் சரியா இருக்கு மேடம்” என்றார் லைன். அதோடு நிறுத்திக்கொண்டார். மேடத்தின் முகம் மலர்ந்தது. அவர் உள்ளே தண்ணீர் குடிக்கப் போனதும், முதலாளி லைன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏன்யா, உன் ஓசி சோர்ஸ்ல சுருதிக்கு ஏதாவது டிரைவர் இருக்கா?”

“இல்ல சார்.”

“தேடிப் பாத்தியா?”

“மெஷின் மாத்தின வாரத்துலயே பாத்துட்டேன் சார்” என்றார் லைன்.